நியூகாசிலில் இருந்து ஹேட்ரியன் சுவருக்கு ஒரு நாள்

வட இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் படிக்க வருகிறவர்கள் விடுமுறை என்றால் எடின்பரோ, லண்டன் என்று காசைக் கரைக்கிறார்கள். ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் ரோமானியர்களின் வடக்கு எல்லை, பேரரசர் ஹேட்ரியன் கட்டிய சுவர். ஒரு சனிக்கிழமை போதும்.

முழுச் சுவரையும் பார்க்கிற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். அது 117 கிலோமீட்டர். காலையில் ஹவுஸ்டெட்ஸ் கோட்டை, மதியம் சுவரோரமாக மேற்கே நடை, மாலையில் விண்டோலாண்டா என்ற இன்னொரு கோட்டை. இந்த வரிசையை மாற்றாதீர்கள், காரணம் பின்னால் வரும்.

காலையில் ஹெக்சம் வரை ரயில். ரயில்கார்டு (இளையோருக்கான தள்ளுபடி அட்டை) இருந்தால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 26 வயது தாண்டிய முழுநேர மாணவர்களுக்கும் அது உண்டு. வார நாளில் காலை 10 மணிக்குள் ஏறினால் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று குறுக்கே வரும் (ஜூலை, ஆகஸ்டில் இல்லை). அதனால்தான் சனிக்கிழமை என்றேன். ஹெக்சமில் ஏடி122 பேருந்து. சுவர் கட்டத் தொடங்கிய கி.பி. 122ஆம் ஆண்டையே எண்ணாக வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் சேவை குறைந்துவிடும், எனவே மே முதல் செப்டம்பருக்குள் போவது நல்லது. அப்போதும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

குடை வேண்டாம், அங்கே அடிக்கிற காற்றில் நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு, பிடிப்புள்ள ஷூ, ஒரு டப்பா எலுமிச்சை சாதம். வழியெல்லாம் ஆடு மேய்கிற நிலம், காலடியைப் பார்த்து வையுங்கள்.

ஹவுஸ்டெட்ஸில் பேருந்தை விட்டு இறங்கியதும் ஒரு மேடு ஏற வேண்டும். கோட்டைக்குள் எல்லோரும் வாசல் அருகே படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் நேராகத் தென்கிழக்கு மூலைக்குப் போங்கள், அங்கேதான் படைவீரர்களின் கழிப்பறை. சிவில் இன்ஜினியரிங் படிக்கிறவள் என்பதால் எனக்கு இதுதான் கோட்டையிலேயே முதல் இடம். சுவரோரம் ஆழமான சாக்கடைக் கால்வாய். அதன் மேல் வரிசையாக இருக்கைகள் இருந்தன, தடுப்பு எதுவும் கிடையாது. நடுவே தரையில் ஒரு சின்ன ஓடை, சுத்தம் செய்ய. பக்கத்தில் மழைநீர்த் தொட்டி. கோட்டையின் மிகத் தாழ்வான மூலையில் இதை வைத்ததால் மேலே விழுகிற மழையெல்லாம் தானாக இங்கே வந்து கழுவிவிடும். பம்பும் இல்லை, மோட்டாரும் இல்லை! தானியக் கிடங்கையும் விடாதீர்கள்: கீழே காற்று போய்வரத் தரையைக் குட்டைக் கல்தூண்கள் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

அங்கிருந்து மேற்கே சுவரோரமாக நடந்தால் ஸ்டீல் ரிக் சுமார் 5 கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் அதிகம், இரண்டு மணி நேரம் வையுங்கள். பாதைக்குக் கட்டணம் இல்லை, டிக்கெட் கோட்டைகளுக்குத்தான். ஆரம்பத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு சிறு பகுதியில் மட்டும் சுவர்மேலேயே நடக்கலாம், மற்ற இடங்களில் ஏறாதீர்கள். வழியில் சைக்கமோர் கேப் என்ற பள்ளத்தில் நின்ற, படங்களில் புகழ்பெற்ற ஒற்றை மரத்தை 2023 செப்டம்பரில் வெட்டிவிட்டார்கள். இப்போது அடிக்கட்டைதான் இருக்கிறது.

ஸ்டீல் ரிக்கில் இருந்து கீழே இறங்கினால் தி சில் என்ற மையம், கழிப்பறையும் காபியும் கிடைக்கும். அதற்கப்புறம் அரை மணி நேர நடையில் விண்டோலாண்டா. கோடையில் போனால் தன்னார்வலர்கள் தோண்டிக்கொண்டிருப்பார்கள். கேள்வி கேளுங்கள், சந்தோஷமாகப் பேசுவார்கள். இந்தக் கோட்டை சுவருக்கும் மூத்தது. பழைய கோட்டையை இடித்து, மேலே களிமண்ணும் புல்தரையும் போட்டு மூடிப் புதிது கட்டினார்கள். அடியில் காற்றுப் போகாததால் மரமும் தோலும் மக்கவில்லை. அருங்காட்சியகத்தில் அடுக்கடுக்காகச் செருப்புகள், குழந்தைச் செருப்பு உட்பட.

1973இல் இங்கே கிடைக்கத் தொடங்கிய மரப்பட்டிகைகள்தான் பெரிய விஷயம். போஸ்ட்கார்டு அளவு மெல்லிய பலகையில் மையால் எழுதியவை. பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன; சில இங்கே உண்டு. கிளாடியா செவேரா என்ற பெண் தோழியைத் தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்ட கடிதம், யாருக்கோ காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய சீட்டு, இப்படிப் பல. ஒரு கணக்கில் இரண்டு தெனாரியஸுக்கு (ரோமானிய வெள்ளிக்காசு) மிளகு என்று இருக்கிறது. அன்றைக்கு ரோமுக்கு மிளகு முசிறித் துறைமுகம் இருந்த மலபார்க் கரையில் இருந்துதான் கப்பலேறியது. இங்கிலாந்தின் குளிரில் எவனோ ஒரு சிப்பாய்க்கும் காரம் இல்லாமல் சோறு இறங்கவில்லை போல!

சரி, வரிசைக்குக் காரணம். மாலையில் மழை பிடித்தால் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கலாம். பேருந்து போய்விட்டாலும் பயமில்லை, விண்டோலாண்டாவில் இருந்து பார்டன் மில் ரயில் நிலையம் 3 கிலோமீட்டர்தான். ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது, நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.