முன்வண்டியை ஒட்டி ஓட்டுவதும் இழப்பீட்டைக் கோட்டைவிடுவதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 ஜனவரி 7 அன்று கோயம்புத்தூரில் பைக்கில் சென்றுகொண்டிருந்த ஒரு பொறியியல் மாணவருக்கு முன்னால் போன கார் நடுச்சாலையில் திடீரென நின்றது. காரில் இருந்த கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் வந்ததால் கணவர் பிரேக் அடித்திருந்தார். காரின் பின்புறத்தில் மோதி விழுந்த மாணவர் மீது பின்னால் வந்த பேருந்து ஏறியதில் அவருடைய இடது கால் போயிற்று. உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு 2025 ஜூலையில் முடிந்தபோது, சைகை காட்டாமல் நின்ற காரோட்டிக்கு 50 சதவீதமும் பேருந்து ஓட்டுநருக்கு 30 சதவீதமும் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. மீதி 20 சதவீதம் காலை இழந்தவர் மீதே விழுந்தது. முன்வண்டிக்குப் போதிய இடைவெளி விடவில்லை, செல்லத்தக்க உரிமமும் இல்லை என்பவை அதற்கான காரணங்கள். சுமார் 1.14 கோடி ரூபாயாகக் கணக்கிடப்பட்ட இழப்பீடு அதனால் 91 லட்சமாகக் குறைந்தது.

ஒட்டி ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பிரேக்கை நம்புகிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. முன்வண்டியின் பிரேக் விளக்கு சிவப்பாக எரிவதைக் கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்று முதல் ஒன்றரை விநாடி ஆகிவிடும் என்பதால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 22 முதல் 33 மீட்டர் கழிந்திருக்கும். முன்னால் போகிறவரும் உடனே நின்றுவிட மாட்டாரே என்று சிலர் வாதிடுவதுண்டு. அவர் தடுப்புச் சுவரிலோ விளக்கின்றி நிற்கும் லாரியிலோ மோதினால் உடனேதான் நிற்பார். சாலையோரக் கம்பம் ஒன்றை முன்வண்டி கடந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். அதை முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால் இடைவெளி போதாது. மழையில் அதை இரட்டிப்பாக்க வேண்டும். இடம் விட்டால் இன்னொருவர் நுழைந்துவிடுவார் என்பது நம் ஊரில் உண்மைதான். நுழையட்டும், மறுபடி பின்தங்கிக்கொள்வதால் சில விநாடிகளுக்கு மேல் எதுவும் போகாது.

லாரியின் பின்னால் ஒட்டிப் போவது எல்லாவற்றிலும் மோசமானது. பல லாரிகளில் பிரேக் விளக்கு எரியாது, எரிந்தாலும் சேறு மூடியிருக்கும். மோதினால் காரின் பானெட் லாரிக்கு அடியில் புகுந்துவிட, லாரியின் உடல் நேராக முன்கண்ணாடி மட்டத்துக்கு வந்து நிற்கும்.

மோதிய பிறகு நடக்கும் தவறுகள் சாலையோரத்திலேயே தொடங்குகின்றன. கூட்டம் கூடி, "பின்னால் இடித்தவர் மேல்தான் தப்பு, ஐயாயிரத்தைக் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள்" என்று பஞ்சாயத்து செய்யும்போது, பலர் ஒரு வெள்ளைத் தாளில் தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்பது பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. அந்தத் தாளே பின்னர் உங்களுக்கு எதிராக நிற்கும். யாருக்காவது காயம் இருந்தால் முதலில் 108, தேசிய நெடுஞ்சாலையில் 1033. அதன்பின் ஆபத்தில்லாத இடமானால் வண்டிகளை நகர்த்தும் முன்பே, இரண்டு எண் தகடுகளும் டயர் தடமும் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட அதிகம் பேருக்குத் தெரியாத தவறு ஒன்று உண்டு. முன்பக்கம் நசுங்கிய வண்டியை "ஸ்டார்ட் ஆகிறதே" என்று வீடுவரை ஓட்டி வருவது. தரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். ரேடியேட்டர் உடைந்த வண்டியை ஓட்டி இன்ஜின் சூடேறி இறுகி சீஸ் ஆனால், அது விபத்தால் வந்த சேதமன்று, நீங்கள் ஓட்டியதால் வந்தது என்று நிறுவனம் கைவிரித்துவிடும். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் பணம் இன்ஜின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பாலிசியில் என்ன இருக்கிறது என்பதை விபத்துக்குப் பின் படிப்பதும் வழக்கமாகிவிட்டது. சட்டம் கட்டாயமாக்கியுள்ள தேர்ட் பார்ட்டி காப்பீடு உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாயும் தராது. முழுக் காப்பீடு இருந்தாலும் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள்; பின்னால் போய் மோதியவருக்கு முதலில் உடைவது அதுதான். அந்தக் கழிவைத் தவிர்க்கும் கூடுதல் காப்பீட்டுக்கு விற்பவர்கள் வைத்திருக்கும் பெயர் "பம்பர் டு பம்பர்" என்பது வேடிக்கைதான். உரிமையாளரே ஓட்டும்போது தன் தவறால் காயப்பட்டால் எதிராளியின் காப்பீட்டிலிருந்து நஷ்டஈடு கேட்க முடியாது. அவருக்கென்று இருப்பது 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அதிலும் ஒரு கால் போனால் பாதித் தொகைதான், உரிமம் காலாவதியாகியிருந்தால் அதுவும் சிக்கல்.

காயமடைந்தவர்கள் செய்யும் பெரிய தவறு, காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தியடைந்து திரும்பிவிடுவது. அது மனு வாங்கியதற்கான சான்று மட்டுமே. இழப்பீட்டு வழக்குக்கு எஃப்.ஐ.ஆர். நகலும், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலும், மருந்துச் சீட்டு வரையிலான எல்லா ரசீதுகளும், சம்பளச் சான்றும் வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத் திருத்தம், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யச் சொல்கிறது. எலும்பு கூடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டு எட்டாம் மாதம் வக்கீலிடம் போகிறவர், காயத்தைப் பற்றிப் பேசும் முன் தாமதத்துக்குத்தான் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.