சொகுசுக் கார்: வசதிக்கா, அந்தஸ்துக்கா? வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொகுசுக் கார் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் சறுக்குவது, வசதியையும் அந்தஸ்தையும் ஒரே பொருளாக எண்ணிக்கொள்வதில்தான். பென்ஸ் ஏ-கிளாஸ் லிமோசின், பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூப்பே போன்ற தொடக்க நிலை மாடல்களின் முகப்பில் இருக்கும் சின்னம், அதே நிறுவனங்களின் கோடி ரூபாய் கார்களில் இருக்கும் அதே சின்னம்தான். ஆனால் உயரமான ஒருவர் அவற்றின் பின் இருக்கையில் உட்கார்ந்தால் தலைக்கும் முழங்காலுக்கும் இடம் போதாது. ஏறத்தாழ அதே விலைக்குப் பின் இருக்கை விசாலமான டொயோட்டா கேம்ரி கிடைக்கிறது. அதைவிடக் குறைவான விலைக்கு வரும் இன்னோவா ஹைக்ராஸின் உயர்நிலை மாடலில், இரண்டாம் வரிசையில் கால்தாங்கியுடன் சாய்ந்துகொள்ளும் இருக்கைகளே இருக்கின்றன. டிரைவர் வைத்துக்கொண்டு பின்னால் அமர்ந்து செல்பவர்கள் இங்கே அதிகம் என்பது நிறுவனங்களுக்கும் தெரியும். அதனால்தான் பென்ஸ் இ-கிளாஸ் 2017 முதல் நீட்டிக்கப்பட்ட வடிவில் விற்கப்படுகிறது. பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் நீண்ட வடிவத்தில் முன், பின் சக்கரங்களுக்கிடையிலான தூரம் வழக்கமானதைவிட 110 மில்லிமீட்டர் அதிகம். பின்னால் உட்காரப் போகிறவர், வெறும் சின்னத்தைப் பார்த்து சிறிய மாடலை வாங்கினால் அந்தஸ்துக்குப் பணம் கொடுத்து வசதியை இழந்தவராகிறார்.

டெஸ்ட் டிரைவில் நடக்கும் தவறு இதோடு ஒட்டியது. ஷோரூம்காரர்கள் காட்டும் வழுவழுப்பான சாலையில் எந்தக் காரும் மிதக்கத்தான் செய்யும். உங்கள் தெருவின் வேகத்தடையிலும், மழைக்குப் பின் குண்டும் குழியுமாகக் கிடக்கும் உள்சாலையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது நீங்கள் பின் இருக்கையில் இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்களையும் படித்துப் பாருங்கள். முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம்; இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் உயரம் என்பது. 205/65 என்றால் சாலைக்கும் சக்கர விளிம்புக்கும் நடுவே ஏறத்தாழ 133 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கிறது; 275/35 என்றால் 96 மில்லிமீட்டர்தான். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று பெரிய சக்கரம் கொண்ட மாடலைத் தேர்ந்தெடுப்பவர்கள், பள்ளத்தின் அதிர்ச்சியை இடுப்பில் வாங்கிக்கொள்கிறார்கள். பல பிஎம்டபிள்யூ கார்களில் வரும் ரன்-ஃப்ளாட் டயர்கள், காற்று இறங்கிய பிறகும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடுவதற்காகவே விறைப்பாகச் செய்யப்பட்டவை. ஸ்டெப்னி இல்லாத காரில், அந்தத் தூரத்துக்குள் அந்த அளவு டயர் வைத்திருக்கும் கடை இருக்கிறதா என்பதைத் திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருப்பவர் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், தாழ்வான செடானில் அவர்களை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.

அந்தஸ்துக்காக வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டுமானத் தொழிலிலோ நகை வியாபாரத்திலோ இருப்பவருக்கு, வந்து இறங்கும் கார் பேச்சுவார்த்தையில் பாதியை முடித்துவிடும் என்பது உண்மைதான். அப்படியானால் அதைத் தொழில் செலவாக எண்ணிக் கணக்குப் போட வேண்டும். இங்கேயும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் ஜிஎஸ்டி திரும்பக் கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். கார் விற்பனை, வாடகைக் கார், ஓட்டுநர் பயிற்சி போன்ற தொழில் செய்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குச் சாதாரணப் பயணக் காரின் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) கிடையாது. வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் காட்டலாம், அவ்வளவுதான்.

விலையை ஷோரூம் விலையாகவே மனத்தில் வைத்திருப்பது அடுத்த தவறு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கான ஜிஎஸ்டி 40 சதவீதம். அது விலைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல், 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். 60 லட்ச ரூபாய் காருக்கு வரி மட்டும் 12 லட்சம். விற்கும் நாளில் இந்த 12 லட்சத்தை யாரிடமும் தனியாகக் கேட்க முடியாது. இதைத் தவிர்க்கப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்து, காரைச் சென்னையிலேயே நிரந்தரமாக ஓட்டுவது சட்டப்படி செல்லாது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். பில்லில் வரும் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் உங்கள் பெயரில் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) மட்டும் வீண் செலவாகாது. வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். பலர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பெரிய இழப்புகள் நேர்வது செகண்ட் ஹேண்ட் சந்தையில். இன்னோவா விலைக்குப் பழைய பென்ஸ் கிடைக்கிறதே என்று மயங்குபவர்கள், காரின் விலைதான் பாதியாகியிருக்கிறது, உதிரி பாகங்களின் விலை குறையவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஏர் சஸ்பென்ஷனோ கியர்பாக்ஸோ பழுதானால், காரை மலிவாக வாங்கியதற்காக யாரும் சலுகை தர மாட்டார்கள். வாரன்டி முடிந்த காரை வாங்குமுன், அதன் சேசிஸ் எண்ணைக் கொண்டு அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். ஓடிய தூரம் குறைத்துக் காட்டப்பட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கண்டறிய, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மேலே பளிச்சென்று இருக்கும் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடாகப் படிந்திருக்கும். இருக்கையின் தண்டவாளத்தில் துருவும், டிக்கியின் விரிப்புக்கு அடியில் வண்டலும் இருக்கும். டெல்லி வண்டி என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்குக் கொண்டுவரப்பட்ட கட்டுப்பாட்டால்தான் அவை மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. தடையின்மைச் சான்றும் (என்ஓசி) இங்கே கட்ட வேண்டிய வரியும் சேர்ந்தால் அந்த மலிவு வெகுவாகக் கரைந்துவிடும். தி.நகருக்கும் மயிலாப்பூருக்கும் மட்டும் ஓட்டப் போகிறவர் டீசலே எடுக்காமலிருப்பது நல்லது. புகைப்போக்கியில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டிக்கு நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. குறுகிய தூர ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும்.

காப்பீட்டில் பிரீமியத்தை மிச்சப்படுத்துவது, இந்த விலைக் கார்களில் மோசமான சிக்கனம். தேய்மானக் கழிவில்லாத பாலிசி (பாகம் பழசு என்று இழப்பீட்டைக் குறைக்காத ‘ஜீரோ டெப்’) இல்லையென்றால், பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதியை நீங்களே கட்ட வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கையும் கட்டாயம் தேவை என்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைப் பார்த்திருந்ததால், 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அப்படி நிறுத்த முடியாமல் கார் தண்ணீரில் நின்றுவிட்டால், வடிந்த பிறகும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பியதால் வரும் சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்காது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, காரை இழுத்துச் செல்லும் வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.