வகுப்பில் பிள்ளையைக் கட்டினால், அறையில் பூட்டினால்: பெற்றோர் செய்ய வேண்டியவை

என் மகனுக்கு ஒன்பது வயது. ஓட்டிசம் இருக்கிறது. நாலைந்து சொல் சொல்வான். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லத் தெரியாது. விசேட கல்வி அலகில் அவனைச் சால்வையால் கதிரையோடு கட்டியிருக்கிறார்கள் என்பதை மணிக்கட்டில் கிடந்த தடத்தால்தான் அறிந்தேன். பிறகு வலயக் கல்விப் பணிமனை, பிரதேச செயலகம் என்று அலைந்து தெரிந்துகொண்டதை, யாழ்ப்பாணத்தில் வலிகாமத்திலோ வடமராட்சியிலோ இருக்கும் இன்னொரு தாய்க்காக எழுதுகிறேன்.

வீதிக்கு ஓடும் பிள்ளையை எட்டிப் பிடித்து நிறுத்துவது பிழையில்லை. நடக்க முடியாத பிள்ளையின் கதிரையில் பெல்ட் இருக்கலாம். அது பிசியோதெரபிஸ்ட் எழுதித் தந்ததா என்று கேளுங்கள். கத்தினான், எழும்பி நடந்தான் என்பதற்காகக் கட்டுவதும், ஸ்டோர் ரூமில் விட்டுப் பூட்டுவதும் வேறு. குப்புறப் போட்டு அமுக்கினால் மூச்சடைத்து உயிரே போகலாம்.

தடம் கண்டால் அன்றைக்கே படம் எடுங்கள். அரச வைத்தியசாலையில் காட்டி, உங்கள் சந்தேகத்தையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். சீருடையைக் கண்டு அழுவது, கதவு சாத்தினால் பதறுவது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள்.

அடுத்தது அதிபருக்குக் கடிதம். வாயால் கதைத்துவிட்டு வரவேண்டாம். கோபத்தைக் கொட்டாமல் கேள்விகளாக எழுதுங்கள்: எந்தத் திகதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, யார் கட்டியது, என்ன காரணம், யார் பார்த்தது, இந்த வருடம் இதற்கு முன் எத்தனை தடவை, எனக்கு ஏன் அன்றே அறிவிக்கவில்லை. பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபால். வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் ஒரு பிரதி.

"அப்படி ஒரு பதிவும் இல்லை" என்று பதில் வரலாம். சோர வேண்டாம். பிள்ளைகளை எத்தனை தடவை கட்டினார்கள், பூட்டினார்கள் என்ற கணக்கைப் பாடசாலைகளிடம் அரசே கேட்டு வாங்கும் அமெரிக்காவில்கூட, 2015-16 கல்வியாண்டில் 70 வீதமான கல்வி மாவட்டங்கள் பூச்சியம் என்றே எழுதின. அந்தத் தரவை நம்ப முடியாது என்று அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் 2020இல் காட்டியது. இங்கே இலங்கையில், அரச பாடசாலை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929இல் சொல்லலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். ஆனால் இவர்களின் பதிலுக்காகக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை வழக்குக்கு, சம்பவத்திலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆசிரியர் அறைந்து கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமாக, இழிவாக நடத்துவதையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. எங்கள் பிள்ளைகளுக்கும் அதே உறுப்புரைதான்.

ஒரு ரீச்சரை இடம் மாற்றுவதோடு இது தீராது என்பது என் எண்ணம். உதவிக்கு ஆளில்லாத வகுப்பில் அடுத்து வருபவரும் சால்வையைத்தான் தேடுவார். அதனால் அதிபரையும் ரீச்சரையும் இருத்தி ஒரு பக்கத் திட்டம் எழுதுங்கள். மணிச் சத்தமும் காலைக் கூட்டத்து ஒலிபெருக்கியும் என் மகனைக் குழப்பும். வேப்பமரத்தடியில் இரண்டு சுற்று நடந்தால் அடங்குவான். இதை எழுதினோம். குழம்பும்போது யார் கூட நடப்பது, அவர் வராத நாளில் யார், எந்தக் கட்டத்தில் எனக்குப் போன் எடுப்பது என்பதையும் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம். தவணைக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்து வைத்துக் கதைக்கிறோம்.