பெரிய கடையில் வாங்கிய சாமான் பழுதா? கத்தாமல் மாற்றி எடுக்கிற வழி

மட்டக்களப்பு டவுனில் பெரிய கடைகள் கூடக் கூட, "சாமான் நல்லம், சேர்விஸ்தான் சரியில்ல" என்ற புலம்பலும் கூடுது. எனக்கு நடந்ததும் அதுதான். ஒரு பெரிய கடையில் (பெயர் வேண்டாம்) வாங்கிய மிக்சி, கொஞ்ச நாளிலேயே புகைஞ்சு நின்றது. கவுண்டரில் "வொரன்டி ஏஜென்டிட்ட போங்க" என்றார்கள். ஏஜென்ட் "வாங்கின கடையில குடுங்க" என்றார். மறுகா கடைக்குப் போனால் "ஹெட் ஒபிஸ் கொழும்பில, அவங்கதான் முடிவு சொல்லணும்." கடைசியில் புது மிக்சி வந்தது. எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொல்ல முடியல்ல, அதனால் எழுதி வைக்கிறேன்.

படி 1: பில்

பில் இல்லாமல் மற்றப் படிகளை வாசிக்கவே தேவையில்லை. கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே அது இருக்கு.

பெரிய கடைகளின் பில் சூட்டில் எழுத்து விழுகிற தாளில் வருவது. எங்கட வெயிலுக்கு மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்தால் பில் முழுக்கக் கறுக்கும், இல்லாவிட்டால் எழுத்து மங்கிப் போகும். கடை வாசலிலேயே போனில் படம் எடுங்க. ஸ்கேன் பண்ணுகிற அப் ஒன்றும் வேண்டாம், போன் கெமரா போதும். பில் இலக்கம், திகதி, நேரம், கிளையின் பெயர் நாலும் தெளிவாக விழுந்திருக்கா என்று பாருங்க. படத்தை உங்களுக்கே ஈமெயிலில் அனுப்பி வைக்கிறதுதான் என் விருப்பம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொக்கியுமென்ட்டாக அனுப்புங்க, சும்மா அனுப்பினால் படம் சுருங்கி இலக்கம் கலங்கிப்போகும். வொரன்டி காட்டில் கடையின் சீலும் வாங்கிய திகதியும் இருக்கா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்க.

படி 2: கெஷியரை விடுங்க

பில் போட்ட பிள்ளைக்கு ஒரு பில்லை ரத்துச் செய்யக்கூட சுப்பர்வைசர் வந்து கடவுச்சொல் போட வேண்டும். அந்தப் பிள்ளையைப் பிடித்துக் கத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அதுவும் ஏறாவூரிலோ ஆரையம்பதியிலோ இருந்து பஸ் ஏறி வேலைக்கு வாற பிள்ளை, கடையின் கொள்கை அது எழுதினதில்லை. மெனேஜரைக் கேளுங்க. அவர் சொல்கிற பதிலையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்க. அவ்வளவுதான், அங்கே வாதாட வேண்டாம்.

படி 3: கடைக்கு எழுத்தில் கொடுங்க

முழு விஷயமும் இழுபடுகிற இடம் இதுதான். கவுண்டரில் ஒரு கொப்பியில் உங்கட பெயரையும் நம்பரையும் எழுதி, "சொல்லியிருக்கு, கோல் பண்ணுவாங்க" என்பார்கள். அந்தக் கொப்பி அவர்களிடம். உங்களிடம் என்ன இருக்கு? ஒன்றுமில்லை. இதற்கிடையில் நாள் ஓடும். சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு (வியாபாரிகள் மேலான முறைப்பாடுகளை விசாரிக்கிற அரச அமைப்பு) எழுத்தில் முறைப்பாடு செய்ய இருக்கிற காலம் சாமான் வாங்கிய நாளில் இருந்து 3 மாதம். பழுதான நாளில் இருந்து இல்லை, வாங்கிய நாளில் இருந்து. "அடுத்த கிழமை வாங்க" என்று நாலைந்து தரம் சொன்னாலே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வேண்டுமென்று செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நட்டம் நமக்குத்தான்.

அதனால் முதல் தரம் கையை விரித்த உடனேயே கடிதம் எழுதுங்க. தமிழில் எழுதுங்க, கையெழுத்தே போதும். என்னுடையது ஏறத்தாழ இப்படி இருந்தது:

"உங்கள் மட்டக்களப்புக் கிளையில் (திகதி) அன்று (பில் இலக்கம்) இன் கீழ் (பொருள், மொடல், தொடர் இலக்கம்) வாங்கினேன். (திகதி) அன்று பாவிக்கும்போது புகை வந்து நின்றுவிட்டது. (திகதி) அன்று கிளை முகாமையாளரிடம் தெரிவித்தேன். தலைமை அலுவலகமே முடிவெடுக்கும் என்றார். அதே மொடலில் புதிய பொருள் ஒன்றை 14 நாட்களுக்குள் தரும்படி கேட்கிறேன். தவறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறைப்பாடு செய்வேன்."

என்ன வேண்டும் என்கிற வரிதான் இதில் முக்கியம். எனக்குக் காட்டப்பட்ட கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டு பக்கம் கவலையைக் கொட்டிவிட்டு, காசா, புதுச் சாமானா, திருத்தமா என்று கேட்காமலே முடிந்திருந்தன. ஒன்றை மட்டும் கேளுங்க. 14 நாள் நான் போட்ட கெடு, சட்டத்தில் உள்ளதல்ல.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் மெனேஜரின் கையொப்பமும் திகதியும் வாங்குங்க. போட மாட்டேன் என்றால் சண்டை பிடிக்காமல் நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்புங்க, தலைமை அலுவலகத்துக்கும் ஒன்று. அந்தத் துண்டுதான் உங்கட அத்தாட்சி. என் விஷயத்தில் கொழும்புக்குப் போன பிரதிதான் வேலை செய்தது. அதுவரை "சிஸ்டத்தில் இல்லை" என்றவர்கள் தாங்களாகவே போன் எடுத்தார்கள்.

"விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற பலகையைக் காட்டினால் பயப்பட வேண்டாம். விசாரித்துப் பார்த்து மாற்றிக் கொடு, காசைக் கொடு, நட்டஈடு கொடு என்று உத்தரவிட அதிகாரசபைக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கு. சுவரில் தொங்குகிற பலகை அதை வெல்லாது.

படி 4: அதிகாரசபை

கடை அசையவில்லை என்றால் அதே கடிதம், பில் பிரதி, வொரன்டி காட் பிரதி, பதிவுத் தபால் துண்டின் பிரதி எல்லாவற்றையும் சேர்த்து, மாவட்டச் செயலகத்தில் (கச்சேரியில்) இருக்கிற அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுங்க. 1977க்கு அழைத்தும் சொல்லலாம், ஆனால் அழைப்பை நம்பி 3 மாதத்தை விடாதீங்க, எழுத்துத்தான் கணக்கு. விசாரணைக்குக் கூப்பிட்டால் அசல் பில்லோடு போங்க.

எல்லாவற்றுக்கும் இதே கதவைத் தட்ட வேண்டாம். காலாவதியான பால்மா, பூச்சி விழுந்த மா என்றால் உங்கட பகுதி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தான் வேகம். தராசு குறைத்துக் காட்டுகிறது என்ற சந்தேகம் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துக்கு உரியது. வங்கிக் காட்டால் கட்டும்போது கூடுதல் காசு கேட்கிறார்கள் என்றால் பில்லோடு காட் தந்த வங்கிக்கு எழுதுங்க. அப்படிக் கூட்டி எடுக்கக்கூடாது என்பது மத்திய வங்கியின் நிலைப்பாடு, அங்கே தொலைபேசி 1935. றாக்கையில் ஒரு விலை, பில்லில் இன்னொரு விலை என்பது அதிகாரசபைக்குரியது. சலுகை முடிந்தும் விலைத் துண்டைக் கழற்றாமல் விடுவதால்தான் பெரும்பாலும் இது நடக்கும். நான் இப்ப ஓஃபர் சாமான் எடுக்கும்போதே துண்டைப் படம் எடுத்துவிடுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

பின்சேர்க்கை 1: முறைப்பாடு கொடுக்கப் பழைய கச்சேரி இருந்த கோட்டைக்குள் போய்த் திரும்பி வந்ததாக இரண்டு பேர் எழுதியிருந்தீங்க. மாவட்டச் செயலகம் திராய்மடுவில் 2024இல் திறந்த புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. இன்னும் "கச்சேரி" என்று சொன்னால் ஆட்டோக்காரர் சிலர் கோட்டையடியில்தான் இறக்குவார்கள், திராய்மடு என்று சொல்லி ஏறுங்க.

பின்சேர்க்கை 2: அக்கரைப்பற்றில் இருந்து ஒருவர் கேட்டது. வாங்கிய கடை அம்பாறை மாவட்டத்தில் என்றால் அம்பாறை கச்சேரிக்கு அனுப்புங்க. அலைய வேண்டாம், பதிவுத் தபால் போதும். மொழியைப் பற்றியும் யோசிக்க வேண்டாம், கிழக்கில் தமிழ் நிருவாக மொழி.

பின்சேர்க்கை 3: கொமியூனிகேஷன் கடையில் பாமினி எழுத்துருவில் டைப் செய்து வேர்ட் ஃபைலாக ஈமெயில் அனுப்பிய தம்பிக்கு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கட கடிதம் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறந்திருக்கும். யூனிகோடில் அடியுங்க, இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க.

பின்சேர்க்கை 4: பில்லை லெமினேட் செய்யாதீங்க! களுவாஞ்சிக்குடி அக்கா ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்து, சூடு பட்டு முழுத்தாளும் கறுத்துப்போய்விட்டது. அப்படி ஆனவர்கள் காட்டால் கட்டியிருந்தால் வங்கிக் கூற்றில் அந்த வரியை எடுத்துக்கொண்டு, கடையில் பில்லின் மறுபிரதியைக் கேளுங்க. திகதியும் தொகையும் சொன்னால் அவர்களுடைய கணினியில் தேடலாம்.