பழைய வரைபடமும் பழைய புகைப்படமும் வைத்து ஒரு செட்டிநாட்டுத் தெருவை அறிவது எப்படி

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முகப்பைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊரணி எங்கே இருக்கிறது, தெரு எந்தப் பக்கம் சரிகிறது, வீட்டின் பின்வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது என்று பார்த்தால்தான் ஊர் பிடிபடும். அதற்கு முதலில் வரைபடம், பிறகு புகைப்படம் என்ற வரிசை முக்கியம். படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தால் எல்லா வீடும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு நாளைக்கு ஓர் ஊர், அதிலும் இரண்டு மூன்று தெரு போதும்.

எந்தப் பெயரில் தேடுவது

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை எல்லாம் இன்று சிவகங்கை மாவட்டம். அது 1985-இல் பிரிந்தது. அதற்கு முன் இராமநாதபுரம் மாவட்டம். 1910-க்கு முன் மதுரை மாவட்டம். ராயவரம், கடியாபட்டி போன்ற ஊர்களோ 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ‘சிவகங்கை மாவட்டம்’ என்று கேட்டுவிட்டுப் பழைய வரைபடத் தாள் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். எந்த ஆண்டின் தாள் வேண்டுமோ அந்த ஆண்டின் மாவட்டப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டும் தாளுக்குத் தாள் மாறும் என்பதால் இரண்டு மூன்று வகையில் எழுதித் தேட வேண்டும்.

எந்த வரைபடம் எதற்கு

இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் வந்தவை. காரைக்குடியும் கானாடுகாத்தானும் 58 ஜே/16 தாளில் வரும். ஆத்தங்குடி மேற்கே 58 ஜே/12-இல். தேவகோட்டை தெற்கே 58 கே/13-இல். தாள் எல்லைகள் செட்டிநாட்டின் நடுவிலேயே ஓடுகின்றன. ஒரே தாளை வாங்கிவிட்டுப் பக்கத்து ஊரைக் காணோம் என்று தேடுவது இதனால்தான்.

தாளின் ஓரத்தில் அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் தனித்தனியாக இருக்கும். அளந்த ஆண்டையே நம்புங்கள். மறு அச்சில் ரயில் பாதையை மட்டும் சேர்த்துவிட்டு ஊரைப் பழையபடியே விட்டிருப்பார்கள். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரை போகும் பாதை 1930-இல் திறந்தது. அந்தக் கோடு இல்லாத தாள் அதற்கு முந்தைய நிலவரத்தைக் காட்டுகிறது.

இந்தத் தாளில் வீட்டைத் தேடக் கூடாது. 200 அடி நீள வீடு இதில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கண்மாய், ஊரணி, கோயில், வண்டிப்பாதை, ஊரின் விளிம்பு ஆகியவற்றுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

வீட்டுக்கு வருவாய்த் துறையின் வரைபடங்கள் வேண்டும். 16 அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் உள்ள பழைய கிராம வரைபடத்தில் அதே 200 அடி 15 மில்லிமீட்டராகும். ஆனால் இதில் ஒரு சிக்கல். வீடுகள் இருக்கும் பகுதி ‘கிராம நத்தம்’ என்ற ஒரே சர்வே எண்ணாக, உள்ளே எதுவும் இல்லாமல் காலியாக இருக்கும். வரைபடம் முழுமையாக இல்லை என்று நினைக்க வேண்டாம். மனை மனையாகப் பார்க்க நத்தம் புலப்படத்தை, அதாவது அந்தப் பகுதியின் அளவுகளோடு வரைந்த படத்தை, தனியாகக் கேட்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை போன்ற நகரங்களில் அதற்குப் பதில் நகர நில அளவை வரைபடம். அதில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) மூன்றும் தெரிந்தால்தான் வேலை நடக்கும். பழைய புலப்படத்தில் உள்ள அளவுகள் லிங்க்ஸ் கணக்கு. 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி.

இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்துதல்

வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்திப் பார்க்க உதவும் க்யூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் இலவசம். ஸ்கேன் செய்த தாளை அதில் ஏற்றி, இரண்டு காலத்திலும் மாறாத ஆறேழு புள்ளிகளைக் குறியுங்கள். கோயில் கோபுரமும் ஊரணிப் படித்துறையின் மூலைகளும் சிறந்தவை. சாலைச் சந்திப்பைத் தவிர்த்துவிடுங்கள், அகலப்படுத்தியதில் நகர்ந்திருக்கும். புள்ளிகள் ஊரைச் சுற்றிப் பரவியிருக்க வேண்டும். ஒரே மூலையில் குவிந்தால் மறுமூலை கோணிக்கொள்ளும். தாளில் அச்சிட்ட அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே இன்றைய ஜிபிஎஸ் எண்ணாகக் கொடுத்தால் ஊரே நூறு இருநூறு மீட்டர் தள்ளி உட்காரும். அன்று அளக்க எடுத்துக்கொண்ட பூமியின் வடிவக் கணக்கு வேறு.

புகைப்படம்

வீடுகளின் பட்டாலைச் (உள்ளே உயர்த்திக் கட்டிய கூடம்) சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் சட்டப் படங்களே முதல் களஞ்சியம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு இன்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கிறது. அங்கே அழைப்பிதழ் போன்ற சில்லறை அச்சுகளையும் கேட்டுப் பாருங்கள். பழைய அழைப்பிதழ்களில் தெருப்பெயரும் வீட்டு விலாசமும் (குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள்) இருக்கும்.

சட்டத்தைக் கழற்றுவதற்கு முன், படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று சாய்வாக வெளிச்சம் விட்டுப் பாருங்கள். ஈரப்பதத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். ஒட்டியிருந்தால் கழற்றவே வேண்டாம். உங்களுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லி, ஃபிளாஷ் இல்லாமல், நேர் எதிரே நின்று எடுங்கள். கழன்று வரும் படமானால் 600 டிபிஐ-யில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தில் ரங்கூன், பினாங்கு ஸ்டுடியோ முத்திரை இருக்கக்கூடும். அப்படி இருந்தால் பின்னணியில் தெரியும் கட்டடம் செட்டிநாடுதானா என்று முதலில் சந்தேகப்படுங்கள். குறிப்பு எழுத மென்மையான பென்சில் மட்டும். பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் தடம் விடும்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சிட்டால் இது நேரும். முகப்பில் சுதையால் எழுதிய விலாச எழுத்துகள் காட்டிக்கொடுத்துவிடும். முகப்பில் உள்ள கஜலட்சுமி உருவம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் அதை வைத்துச் சொல்ல முடியாது.

தெருவில்

ஊரணியில் தொடங்குங்கள். வளவின் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) நான்கு பக்கக் கூரைகளும் உள்ளே சரிந்து, மழைநீர் முற்றத்தில் விழுந்து, வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்து ஊரணிக்குப் போவது இங்குள்ள ஏற்பாடு. நீர் போகும் திசையை எதிர்த்து நடந்தால் பழைய தெருக்கள் வரிசையாக வரும். பெரிய வீடுகள் முகப்பில் ஆரம்பித்து வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு அடுத்த தெருவில் முடிகின்றன. படத்தில் நீண்ட மொட்டைச் சுவரும் ஒரு சிறிய கதவும் மட்டும் தெரிந்தால் அது பின்தெரு. முன்தெருவில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

காமிரா நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க, படத்தில் அருகில் உள்ள ஒரு விளிம்பையும் தொலைவில் உள்ள ஒரு விளிம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாகத் திண்ணைத் தூணின் இடது ஓரமும் தெருக்கோடியில் கோபுரத்தின் வலது ஓரமும். நீங்கள் வலப்பக்கம் நகர்ந்தால் தூண் கோபுரத்தைவிட்டு இடப்பக்கம் விலகும். இடைவெளி படத்தில் உள்ளபடி வரும்வரை நகருங்கள். இன்னொரு ஜோடி விளிம்பையும் பொருத்தினால் முன்னும் பின்னும் சரியாகிவிடும். நின்ற இடம் உறுதியான பிறகே ஜூம்; இடம் தப்பாக இருந்தால் எவ்வளவு ஜூம் செய்தாலும் விளிம்புகள் சேராது.

பழைய ஸ்டாண்ட் காமிராவில் லென்ஸை மட்டும் மேலே உயர்த்த முடியும் என்பதால் முகப்பின் தூண்கள் செங்குத்தாகவே நிற்கும். செல்போனை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் மேலே போய் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். போனை நேராகப் பிடித்து, அகலக் கோணத்தில் எடுத்து, கீழ்ப்பாதியை வெட்டிவிடுங்கள்.

பல வீடுகள் கிழக்கு அல்லது மேற்கு பார்த்தவை. கிழக்கு முகப்புக்குக் காலை, மேற்கு முகப்புக்கு மாலை. உள்ளே எடுக்க வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். காவலாளி தலையாட்டினால் மட்டும் போதாது. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் தேக்குக் கதவும் தூணும் திருடுபோகும் ஆபத்து இருப்பதால் உட்புறப் படங்களை இணையத்தில் வீட்டு அடையாளத்தோடு போடவே போடாதீர்கள். நின்ற இடம், திசை, தேதி, நேரம் நான்கையும் கோப்புப் பெயரில் சேர்த்து, ஸ்கேன் செய்த படத்தின் ஒரு பிரதியை அச்சிட்டு அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.