வார்டுக்கு பிபி மெஷின் எடுக்கேக்க

விலைய பாக்க முதல் கஃப்ப (கையில சுத்துற பட்டிய) பாருங்கோ, உள்ள இருக்கிற காத்துப்பை கைச் சுற்றளவில 80 வீதமாவது சுத்தி வரோணும், சின்ன கஃப்ப தடிச்ச கைக்கு இறுக்கினா பிரஷர் கூடத்தான் காட்டும், பிறகு தேவையில்லாம குளிசை. எங்கட வார்டில கிடந்தது ஒரே ஒரு கஃப், வெல்குரோ போய் பிளாஸ்டர் ஒட்டினது! அதால சின்னது, நடுத்தரம், பெரிசு மூண்டும் சேத்தே ஓடர் பண்ணுங்கோ. 2015ம் ஆண்டு 5ம் இலக்க சட்டப்படி என்எம்ஆர்ஏ (இலங்கையில மருந்து, மருத்துவக் கருவியள ஒழுங்குபடுத்திற அதிகாரசபை) பதிவு இருக்கோ எண்டு பாருங்கோ. கொழும்பில ஏஜென்ட் இருக்கு எண்டு மட்டும் நம்பாம, கலிபரேஷன் (மெஷின் சரியா அளக்குதோ எண்டு பாத்து திருத்திறது) ஆர் செய்யிறது, ஸ்பெயார் கஃப் கிடைக்குமோ, எல்லாம் எழுத்தில வாங்குங்கோ. ஒரு கிழமை நர்ஸ்மாரிட்ட குடுத்துப் பாருங்கோ, ஸ்பிரிட் போட்டு துடைக்க பட்டன் எழுத்து அழியுதெண்டா திருப்பி அனுப்புங்கோ.