மாதிரி ஆப்ஜெக்ட் தரும் லைப்ரரியை டெஸ்ட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டோஃபிக்ஸ்சர், இன்ஸ்டான்சியோ மாதிரி, ஒரு கிளாஸைக் கொடுத்தால் அதன் ஃபீல்டுகளை நிரப்பி ஆப்ஜெக்ட்டாகத் தரும் லைப்ரரியை நீங்களே எழுதுகிறீர்களா? அப்படியென்றால் அதன் டெஸ்ட்களில் ரொம்பக் கவனம் வேண்டும். இதில் ஒரு பிழை இருந்தால், இதை நம்பி மற்றவர்கள் எழுதிய டெஸ்ட்களையும் நம்ப முடியாமல் போகும்.

அடிக்கடி கண்ணில் படும் தவறு, வந்த ஆப்ஜெக்ட் நல் (null, அதாவது எதுவுமே இல்லாத வெற்று மதிப்பு) இல்லை என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வது. வயது எப்போதும் 0 என்றே வந்தாலும் அந்த டெஸ்ட் பச்சைதான் காட்டும். உள்ளே இருக்கும் முகவரி ஆப்ஜெக்ட், அதற்குள் இருக்கும் லிஸ்ட், பேரன்ட் கிளாஸிலிருந்து வந்த ஃபீல்டுகள் என எல்லாவற்றையும் பாருங்கள். ஆம்/இல்லை என்று இரண்டே மதிப்பு கொண்ட பூலியன் ஃபீல்டை ஒரே தடவை பார்த்து எதுவும் சொல்ல முடியாது, பல தடவை உருவாக்கி இரண்டு மதிப்பும் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் ரேண்டம் சீட் (seed), அதாவது ரேண்டம் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண். டெஸ்ட் ஒரு தடவை விழுகிறது, மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகிறது, சரி என்று விட்டுவிடுகிறோம். தயவுசெய்து விடாதீர்கள். விழும்போது சீட் எண்ணை அச்சிட வையுங்கள், அது கையில் இருந்தால்தான் அதே பிழையைத் திரும்ப வரவழைக்க முடியும். ஒரே சீட் ஒரே ஆப்ஜெக்ட்டைத் தருகிறதா என்பதற்கும் தனி டெஸ்ட் வேண்டும். ஜாவாவில் ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே ஒரு கிளாஸில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் வசதி) ஃபீல்டுகளை இந்த வரிசையில்தான் தருவேன் என்று உத்தரவாதம் தருவதில்லை. வந்த வரிசையிலேயே நிரப்பினால், சீட் ஒன்றாக இருந்தும் வேறு மெஷினில் பெயருக்குப் போக வேண்டிய மதிப்பு ஊருக்குப் போய்விடலாம். பெயர்வாரியாக அடுக்கிவிட்டு நிரப்புங்கள்.

எல்லை மதிப்புகளை அதிர்ஷ்டத்திடம் விடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. 1 முதல் 10 வரை எண் தரும் ஃபங்ஷனை 10 தடவை ஓட்டினால், 10 வராமலே போக சுமார் 35 சதவீத வாய்ப்பு உண்டு. ஜாவாவில் ரேண்டம் முழு எண்ணை, மைனஸ் குறியை நீக்கித் தரும் மேத்.ஆப்ஸ் (Math.abs) மூலம் நேர்மறையாக்கினால், -2147483648 வரும்போது அது எதிர்மறையாகவே நிற்கும். அது 429 கோடியில் ஒரு தடவை வரும் எண், ரேண்டமாக ஓட்டிப் பிடிக்கவே முடியாது. அதனால் ரேண்டம் எண் தரும் பகுதியை வெளியிலிருந்து கொடுக்கும்படி வைத்து, டெஸ்ட்டில் அதன் வழியாக மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் நீங்களே அனுப்புங்கள்.

தனித்துவமான ஐடி தருகிறோம் என்று சொல்லிவிட்டு 5 ஆப்ஜெக்ட்டை மட்டும் ஒப்பிடுவதும் போதாது. 10,000 எண்களிலிருந்து ரேண்டமாக ஐடி எடுத்தால் ஏறக்குறைய 120-வது ஆப்ஜெக்ட்டிலேயே இரண்டு ஒன்றாக இருக்கப் பாதி வாய்ப்பு வந்துவிடும்.

ஊழியருக்கு மேலாளர், அந்த மேலாளரும் ஓர் ஊழியர் என்று சுற்றி வரும் கிளாஸையும் மறக்காதீர்கள். முடிவில்லாமல் உள்ளே உள்ளே போய் நினைவகம் நிரம்பும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பிழை வரவில்லை என்பதோடு விடாமல், எந்த ஆழத்தில் நிற்கிறது, அங்கே நல் வைக்கிறதா, எக்ஸெப்ஷன் எறிகிறதா என்பதையும் டெஸ்ட்டில் எழுதிவையுங்கள்.